இல்லாததிலிருந்து படைத்தவர்: மோர்மன் சபையும் மரபுக் கிறிஸ்தவமும் பிரியும் இடம்

(ஹட்டனில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். பேச்சின் இடையே வந்த கிளைச் செய்திகள் சில சுருக்கப்பட்டுள்ளன.)



இந்த ஆண்டுக்கு மோர்மன் கோட்பாட்டைத் தலைப்பாக எடுத்திருக்கிறேன் என்றதும், மலையகத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இலங்கையில் அவர்கள் மிகச் சிறிய கூட்டம். நம் லயங்களில் பலர் அந்தப் பெயரையே கேட்டதில்லை. கேட்டவர்களும் யெகோவா சாட்சிகள், ஏழாம் நாள் சபையார், பெந்தெகொஸ்தர் எல்லாரையும் சேர்த்து ‘புதுச் சபைக்காரர்’ என்ற ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள்.

நான் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் நாம்தான். ஞாயிறு தோறும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாகச் சொல்கிறோம். வானத்தையும் பூமியையும் படைத்தவரை விசுவாசிக்கிறோம் என்று தொடங்குகிறோம். அந்த முதல் வரியை யாரும் மறுக்காத வரைக்கும் அதன் கனம் நமக்குத் தெரிவதில்லை. அதை நேருக்கு நேர், முழு மனதோடு, வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டே மறுத்த ஒரு மரபு மோர்மன் மரபு. 1890இல் சபை கைவிட்ட பலதார மணமும், கூடுதலான வேத நூல்களும் வெளியில் தெரியும் வேறுபாடுகள். வேர் முதல் வரியில் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் விரிவு.

தொடங்குமுன் ஒரு மரியாதை. அவர்களுடைய சபையின் பெயர் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’. ‘மோர்மன்’ என்ற பட்டப்பெயரைத் தவிர்க்குமாறு அவர்களுடைய அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார். கேட்போருக்கு எளிதில் விளங்க வேண்டும் என்பதற்காகவே பழைய பெயரை இங்கே பயன்படுத்துகிறேன். இகழ்ச்சி நோக்கம் எனக்கில்லை.

1. ஒரே காலத்தில் வந்த இரண்டு ஊழியங்கள்

அந்தச் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1805இல் ஐக்கிய அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். 1830 மார்ச்சில், வேதாகமத்தோடு அவர்கள் வேதமாக ஏற்கும் ‘மோர்மன் நூல்’ அச்சேறியது. ஏப்ரல் 6ஆம் திகதி சபை அமைந்தது. 1844 ஜூன் 27இல் இலினோய் மாநிலத்துக் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. எஞ்சியவர்களில் பெரும்பகுதியினரைப் பிரிகாம் யங் மேற்கே அழைத்துப் போக, 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள்.

அங்கே 1852 ஆகஸ்ட்டில் நடந்த சிறப்பு மாநாட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. பலதார மணம் தங்கள் கோட்பாடு என்று முதன்முறையாகப் பகிரங்கமாக அறிவித்தார்கள். அதே மாநாட்டில் இந்தியாவுக்கும் சயாமுக்கும் ஊழியர்களை நியமித்தார்கள். அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் 1853 ஜூலையில் சென்னை போய்ச் சேர்ந்தார். சயாமுக்கு நியமிக்கப்பட்ட சான்சி வெஸ்ட், பெஞ்சமின் டியூயி இருவரும் அதே ஆண்டில் இலங்கைக்கு வந்தார்கள். இங்கே காலூன்ற முடியாமல் பம்பாய்க்குப் போனார்கள். சென்னையிலும் நிலைக்கும்படி எதுவும் அமையவில்லை.

அடுத்த ஆண்டு, 1854இல், கண்டி மலைகளில் அங்கிலிக்கன் திருச்சபையின் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். தலைமன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை நோக்கி நடந்து, வழியிலேயே கொத்துக் கொத்தாகச் செத்துப்போன கோப்பித் தோட்டத் தொழிலாளர் நடுவே அந்த உபதேசியார்கள் ஊழியம் செய்தார்கள். நம் குடும்பங்கள் பலவற்றில் முதல் ஞானஸ்நானம் அவர்கள் வழியாகவோ, கத்தோலிக்க, மெதடிஸ்த ஊழியங்கள் வழியாகவோ வந்ததுதான்.

ஓராண்டு இடைவெளியில் இரண்டு வேறு செய்திகள் இந்தத் தீவின் வாசலுக்கு வந்தன. ஒன்று கரையோடு திரும்பியது, மற்றொன்று மலையேறியது. திரும்பிப் போனது என்ன சொல்லியிருக்கும் என்று நாம் கேட்டுப் பார்த்ததே இல்லை.

2. மண்ணும் குயவனும்

சைவ சித்தாந்தம் தெரிந்த தமிழருக்கு மோர்மன் கோட்பாட்டை விளக்குவது எளிது. ஐரோப்பிய இறையியலாளருக்குக்கூட இவ்வளவு விரைவில் விளங்காது.

பானை உண்டாக மூன்று காரணங்கள் வேண்டும் என்பது நம் ஆசிரியர்கள் சொல்லிவந்த பாடம். மண் முதற்காரணம். திரிகை துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. உயிரை இறைவன் உண்டாக்கவில்லை. அது என்றும் உள்ளது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தில் வகுத்துத் தந்த நிலை இது.

இப்போது ஜோசப் ஸ்மித்தைப் பாருங்கள். 1833இல் தமக்கு வெளிப்பட்டதாக அவர் எழுதி வைத்தது, ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ என்ற அவர்களுடைய திருநூலில் 93ஆம் பகுதியாக இருக்கிறது. மனிதருக்குள் இருக்கும் அறிவுப்பொருள் படைக்கப்பட்டதும் அல்ல, படைக்கப்படக்கூடியதும் அல்ல என்று அது சொல்கிறது. பூதப்பொருள்களும் நித்தியமானவை. 1842இல் வெளிவந்த ‘ஆபிரகாம் நூல்’ படைப்புக் கதையைத் திரும்பச் சொல்லும்போது, தெய்வங்கள் என்று பன்மையில் பேசுகிறது. அவர்கள் வானத்தையும் பூமியையும் ஒழுங்குபடுத்தி அமைத்தார்கள் என்கிறது. அதாவது அவர்களுடைய கடவுள் நிமித்த காரணர். மண் முன்னமே இருந்தது. உயிர்களும் முன்னமே இருந்தன.

மரபுக் கிறிஸ்தவம் முதற்காரணம் என்ற ஒன்றையே மறுக்கிறது. கடவுள் படைக்கும்போது கையில் எதுவும் இருக்கவில்லை. இருப்பது என்பதே அவர் தந்த கொடை. கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தர் என்று நமக்குள் ஆயிரம் பிணக்கு இருந்தாலும், இந்த ஒரு காரியத்தில் எல்லாரும் ஒரே பக்கம் நிற்கிறோம்.

இங்கே மோர்மன்களுக்கு நியாயம் செய்ய வேண்டும். ஆதியாகமம் முதல் அதிகாரம் ‘ஒன்றுமில்லாமையிலிருந்து’ என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. 2ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் போன்ற கிறிஸ்தவ அறிஞரே உருவற்ற பொருளிலிருந்து கடவுள் உலகை அமைத்தார் என்று எழுதியிருக்கிறார். அந்தியோக்கியாவின் தியோபிலுசும் லியோன் நகரத்து இரேனேயுசும்தான் ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தல் என்பதைத் தெளிவான கோட்பாடாக நிறுத்தினார்கள். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் அதை முறைப்படி அறிக்கையிட்டது. ஆகவே, இது பின்னால் வந்த தத்துவவாதிகளின் சேர்க்கை என்று மோர்மன் அறிஞர்கள் வாதிடும்போது அதை எளிதாகத் தட்டிவிட முடியாது.

ஆனால் அந்த எண்ணத்தின் பழைய சாட்சி ஒன்று தத்துவவாதியின் மேசையில் பிறந்ததல்ல. மக்கபேயர் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரத்தில் ஒரு தாய் தன் ஏழு மகன்களும் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கடைசிப் பிள்ளையிடம் அவள் சொல்வது இதுதான்: வானத்தையும் பூமியையும் பார், கடவுள் இவற்றை உள்ளவற்றிலிருந்து உண்டாக்கவில்லை, அப்படிப்பட்டவர் உன்னையும் உன் சகோதரரையும் எனக்குத் திருப்பித் தருவார். சீர்திருத்தச் சபையார் இந்த நூலை வேத வரிசையில் சேர்ப்பதில்லை. அவர்களும் ரோமர் 4:17ஐத் திறந்து பார்க்கலாம். மரித்தோரை உயிர்ப்பிப்பதையும் இல்லாதவற்றை இருப்பவை ஆக்குவதையும் பவுல் ஒரே மூச்சில் பேசுகிறார். செத்தவர்களைப் பற்றிய நம்பிக்கையில் பிறந்த கோட்பாடு இது. இதற்கு மீண்டும் வருகிறேன்.

3. நிசேயாவில் நடந்த சண்டையும் அதற்கு வெளியே நிற்பவரும்

நிசேயா சங்கம் கூடி 2025ஆம் ஆண்டோடு 1700 ஆண்டுகள் நிறைந்தன. கி.பி. 325இல் அங்கே எழுந்த கேள்வி எளிமையானது: படைத்தவர் ஒரு பக்கம், படைக்கப்பட்டவை ஒரு பக்கம், குமாரன் எந்தப் பக்கம்? படைக்கப்பட்டவற்றின் பக்கம், ஆனால் அவற்றுள் முதலானவர் என்றார் ஆரியுஸ். படைத்தவரின் பக்கமே என்றது சங்கம். அத்தனாசியுஸ் வாழ்நாள் முழுதும் அதற்காக நாடுகடத்தப்பட்டும் விடாமல் நின்றார். இருவரும் கடுமையாக மோதினார்கள். ஆனால் நடுவே ஒரு கோடு உண்டு என்பதில் இருவருக்கும் ஐயமில்லை.

யெகோவா சாட்சிகள் இன்று ஆரியுஸின் பக்கம் நிற்கிறார்கள். இயேசு கடவுளின் முதல் படைப்பு என்பார்கள். மோர்மன்களையும் அவர்களோடு சேர்த்துப் பேசும் பிரசங்கங்களை நான் கேட்டிருக்கிறேன். அது தவறு. மோர்மன்கள் இயேசுவை மெய்யான தெய்வம் என்றே அறிக்கையிடுகிறார்கள். அவர்கள் அழித்தது அந்தக் கோட்டையே.

எப்படி? 1843இல் ஸ்மித் போதித்தது ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ நூலின் 130ஆம் பகுதியில் இருக்கிறது. பிதாவுக்கு மனிதனுடையதைப் போலவே தொட்டறியக்கூடிய, சதையும் எலும்பும் உள்ள உடல் உண்டு, குமாரனுக்கும் அப்படியே, பரிசுத்த ஆவியானவருக்கு மட்டும் ஆவியுடல். மூவரும் மூன்று தனித்தனி நபர்கள், நோக்கத்தால் ஒன்றானவர்கள். 1844 ஏப்ரல் 7இல் நாவூ நகரில், கிங் ஃபொலெட் என்பவரின் நினைவாக ஆற்றிய உரையில் ஸ்மித் இன்னும் மேலே போனார். கடவுள் ஒரு காலத்தில் நம்மைப் போல மனிதராக இருந்து உயர்ந்தவர், நாமும் அவ்வாறே தெய்வமாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மூன்று மாதம் முடிவதற்குள் அவர் உயிரோடில்லை. அந்த உரை அவர்களுடைய திருநூல் தொகுப்பில் சேரவில்லை. இன்றைய சபை அதன் முதல் பாதியை அழுத்திப் பேசுவதும் இல்லை. இரண்டாம் பாதி, அதாவது மனிதர் தெய்வநிலைக்கு உயர்த்தப்படுவது, அவர்களுடைய நம்பிக்கையின் நடுநாடி.

மோர்மன் நூலை மட்டும் வாசிக்கும் நம் போதகருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது என்பதையும் கவனியுங்கள். மோசியா 15, ஆல்மா 11 ஆகிய அதிகாரங்கள் பிதாவும் குமாரனும் ஒரே கடவுள் என்று நம்மில் சிலரைவிட அழுத்தமாகவே பேசுகின்றன. 1830இன் ஸ்மித்தும் 1844இன் ஸ்மித்தும் பேசுவது ஒன்றல்ல. கைப்பிரதி எழுதி அவர்களைத் தாக்குவோர் இந்த வளர்ச்சியைப் பார்ப்பதில்லை. இயேசுவும் சாத்தானும் சகோதரர் என்கிறார்களே என்று அதிர்ச்சியூட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். ஆவிகள் அனைத்தும் பிதாவின் பிள்ளைகள், நாம் எல்லாரும் பிறப்பதற்கு முன்னே அவரிடம் வாழ்ந்தவர்கள் என்ற முழுப் போதனையிலிருந்து பிடுங்கிய ஒரு துண்டு அது.

மனிதர் தெய்வத்தன்மையில் பங்குபெறுவது பற்றி நம் மரபும் பேசுகிறதே, 2 பேதுரு 1:4 அப்படித்தானே சொல்கிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பேசுகிறது. கீழைத் திருச்சபைகள் அதை மிகவும் போற்றுகின்றன. ஆனால் அங்கே படைக்கப்பட்டவர் படைக்கப்பட்டவராகவே இருந்து அருளால் நிறைகிறார். முத்தியிலும் உயிர் சிவத்தோடு இரண்டறக் கலந்து நிற்கும், ஐந்தொழில் செய்யாது என்று சித்தாந்தம் வகுத்த எல்லையை நினைத்துக்கொள்ளுங்கள். அநாதிப் பொருள்கள் பலவென்று சொல்லும் சித்தாந்தமே உயிரைப் பதியாக்கவில்லை. ஸ்மித் ஆக்கினார். அவருடைய கணக்கில் கடவுளும் நாமும் ஒரே இனம். படி வேறு, அவ்வளவுதான்.

4. தண்ணீர் ஒன்று, வார்த்தை ஒன்று

மெதடிஸ்தப் பெண் கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாகப் போனால் அவளுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஒரே லயத்தில் இரண்டு சபைக் குடும்பங்கள் இருக்கும் தோட்டங்களில் இது நாம் கண்ணால் காணும் நடைமுறை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற நாமத்தில் தண்ணீரால் கொடுத்தால் போதும்.

மோர்மன்களுக்கும் அதே தண்ணீர், அதே நாமம். ஆனால் 2001 ஜூன் 5இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அந்த ஞானஸ்நானம் செல்லாது என்று அறிவித்தது. மோர்மன் சபையிலிருந்து வருவோருக்கு மறுபடி ஞானஸ்நானம் வேண்டும் என்று அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்த திருச்சபை 2000இலேயே முடிவெடுத்திருந்தது. இது பகையால் வந்த முடிவன்று. உச்சரிக்கும் பெயர்கள் ஒன்றாக இருந்தும், அழைக்கப்படுபவர் வேறு என்பதே காரணம்.

அவர்களும் நம் ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. அப்போஸ்தலர் மறைந்தபின் குருத்துவ அதிகாரம் பூமியிலிருந்து எடுபட்டுப் போயிற்று, ஸ்மித் வழியாகவே அது திரும்ப வந்தது என்பது அவர்கள் நிலை. பிள்ளைகளுக்குக் கொடுப்பதை மோர்மன் நூலே கடிந்து மறுக்கிறது; எட்டு வயதில்தான் கொடுப்பார்கள். நிசேயாவை அவர்கள் விலகிப்போன காலத்தின் விளைவாகப் பார்ப்பதும் இதனால்தான். அவர்களைக் கிறிஸ்தவர் என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். கிறிஸ்துவை நேசிப்பவர் என்ற பொருளில் மறுக்க எனக்கு உரிமையில்லை. பிரமாணம் அறிக்கையிடும் விசுவாசம் என்ற பொருளில், இல்லை என்பதே என் முடிவு.

5. கோப்பியும் தேயிலையும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். 1833இல் ஸ்மித் அறிவித்த ‘ஞான வார்த்தை’ மது, புகையிலை, சூடான பானங்களை விலக்கியது. சூடான பானம் என்றால் கோப்பியும் தேயிலையும் என்று சபை பொருள் கொண்டது. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்து, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்த நம் மலையில், நம் முன்னோரின் உழைப்பெல்லாம் இந்த இரண்டு செடிகளில்தான் போயிற்று. கேட்டவுடன் இதுதான் பெரிய வேறுபாடாகத் தோன்றும். உண்மையில் இது ஒழுக்க விதி. இறையியல் பிரிவினை இதில் இல்லை. கொழுந்து பறிப்பதை அது தடுக்கவும் இல்லை. மதுவால் நம் தோட்டங்களில் குடும்பங்கள் சீரழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாம் அந்த விதியின் மற்றப் பாதியை மதிப்போடு எண்ணிப் பார்க்க வேண்டும்.

6. எங்கள் செத்தவர்கள் எங்கே?

இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2ஆம் திகதி தோட்டத்து மயானத்துக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும். தேயிலை மலையின் ஓரத்தில், பயிருக்கு உதவாத சரிவில் கல்லறைகள் இருக்கும். முதல் நாளே புல் செதுக்கி, மண்மேட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். காற்றுக்கு அணையாமல் இருக்க மெழுகுதிரியைச் சிரட்டைக்குள் நிறுத்துவார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் முனியாண்டிக் கோயில் பூசாரியாகவும் தம்பி உபதேசியாராகவும் இருக்கும் வீடுகள் உண்டு. அந்தத் தம்பியிடம் வயதான ஓர் அம்மா கேட்கும் கேள்வி இது: “அய்யா, எங்கப்பாரு ஞானஸ்நானம் வாங்காமலே போயிட்டாரே, அவரு எங்க இருப்பாரு?”

நம் சபைகள் இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. கத்தோலிக்கர் இறந்தோருக்காக மன்றாடச் சொன்னார்கள். சீர்திருத்தச் சபையார் அதையும் விலக்கினார்கள். ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து குலசாமியை இந்த மலையில் நிறுத்திய மக்களிடம், உன் பாட்டன் தொலைந்தவன் என்று பிரசங்கித்த காலமும் உண்டு.

மோர்மன் சபை இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டது. இதை நான் மனமாரச் சொல்கிறேன். 1840இல் ஸ்மித் 1 கொரிந்தியர் 15:29ஐ வைத்து, இறந்தோருக்காக உயிரோடிருப்போர் ஞானஸ்நானம் பெறலாம் என்று போதித்தார். ஆலயங்களில் இன்றும் அது நடக்கிறது. இறந்தவர் மறுவுலகில் அதை ஏற்கலாம், மறுக்கலாம். வற்புறுத்தல் இல்லை என்கிறார்கள். இதற்காகவே உலகெங்கும் குடும்ப வரலாறு தேடுகிறார்கள். 1894இல் வம்சாவளிச் சங்கம் நிறுவி, யூட்டாவின் கருங்கல் மலையைக் குடைந்து, கோடிக்கணக்கான பதிவுகளின் படச்சுருள்களைக் காத்து வைத்திருக்கிறார்கள். யூதப் படுகொலையில் மாண்டவர்களின் பெயர்களையும் இதில் சேர்த்ததால் யூதர் மனம் புண்பட்டு, 1995இல் சபை அவர்களோடு உடன்பாடு செய்துகொள்ள நேர்ந்தது.

ஆனால் இந்த வழிக்கு ஒரு பெயர் வேண்டும். ஒரு திகதி, ஓர் ஊர் வேண்டும். நம்மிடம் அது இருக்கிறதா? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டதும் அதைத்தான். அப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா, சான்று காட்டு என்றது. பிறப்பே பதியப்படாத மக்கள் எதைக் காட்டுவார்கள்? நாடற்றவரானோம். 1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டார்கள். மாத்தளைப் பாதையில் செத்தவர்களுக்குப் பெயரும் இல்லை, குழியும் இல்லை.

அந்த ஒப்பந்தம் நடந்து மூன்று வாரம் கழித்து, 1964 நவம்பர் 21இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய ஏட்டை வெளியிட்டது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல் போனவர்களும், மனச்சான்றின் குரல் வழியே கடவுளை நேர்மையாகத் தேடியிருந்தால், மீட்பு அடைய முடியும் என்று அதன் 16ஆம் எண் சொல்கிறது. சீர்திருத்தச் சபைகளில் பலர் இதே அளவுக்குப் போகமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த ஏழு பிள்ளைகளின் தாய் எதன்மேல் சாய்ந்தாளோ அதன்மேல் எல்லாரும் சாயலாம். இருந்த பொருளை ஒழுங்குபடுத்தியவர் அல்ல அவர். இல்லாததை இருக்கச் செய்தவர். பதிவேட்டில் இல்லாத ஒருவனை அழைக்க அவருக்குப் பதிவேடு தேவையில்லை. முதல் வரியைக் கைவிட்டால் நாம் இழப்பது இதைத்தான். ஆகவேதான் மலையகத்தில் நின்று இந்த வேறுபாட்டைப் பேசுவது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் குருக்களிடமும் போதகர்களிடமும் ஒரு வேண்டுகோள். கடவுளுக்குப் பதிவேடு தேவையில்லை, பேரப்பிள்ளைகளுக்குத் தேவை. நம் பழைய ஆலயங்களின் அலுமாரிகளில் 19ஆம் நூற்றாண்டு ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் ஈரத்திலும் செல்லரிப்பிலும் கிடக்கின்றன. தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், சில இடங்களில் கங்காணியின் பெயரும் இந்தியாவிலுள்ள ஊரின் பெயரும்கூட அவற்றில் இருக்கின்றன. பக்கம் பக்கமாகப் படம்பிடித்து ஒரு பிரதியை ஆலயத்திலும் இன்னொன்றை நூலகத்திலும் வைக்க ஒரு கைத்தொலைபேசியும் சில சனிக்கிழமைகளும் போதும். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னே தொடங்குங்கள். உதவிக்கு நானும் என் மாணவர்களும் வருகிறோம்.